வலைக்குள்ளேயே பிறக்கும் ஈ: கோசு வேரைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் புதிதாகக் குத்தகைத் தோட்டம் எடுத்தவர்கள், மே மாதக் கடைசியில் ஏறக்குறைய ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: நேற்றுவரை நிமிர்ந்து நின்ற முட்டைக்கோசுக் கன்று, வெயில் பட்டதும் ஏன் துவண்டு போகிறது? கன்றைப் பிடித்து மெல்ல இழுத்தால் தடையின்றிக் கையோடு வந்துவிடுகிறது. பக்கவேர்கள் எல்லாம் தின்னப்பட்டிருக்க, எஞ்சிய அடிவேர்ப் பகுதியில் காலில்லாத வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. இது முட்டைக்கோசு வேர் ஈயின் வேலை. நீலகிரியில் கோசு பயிரிட்டுப் பழகியவர்களுக்கு வைரமுதுகு அந்துப்பூச்சியே முதல் எதிரி என்பதால் அவர்கள் இலையைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். இங்கோ தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஈயின் வெள்ளை முட்டைகள், ஒரு மி.மீ. நீளத்தில், அங்கேதான் கிடக்கும்.

களை மண்டுவது, தண்ணீர் விட மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

போன ஆண்டு கோசு நின்ற மண்ணில் வலை விரிப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பக்கத்துப் பாத்திக்காரர், யாழ்ப்பாணத்தவர், நல்ல உழைப்பாளி. விலை கொடுத்து நுண்ணிய வலை வாங்கி, வளைகம்பி நட்டு, ஓரங்களை மண்ணில் புதைத்து, ஒரு குறையும் இல்லாமல் மூடியிருந்தார். ஆனாலும் ஜூன் பிறந்தபோது பாதிக் கன்றுகள் போய்விட்டன. “அண்ணை, வலை போட்டனான்தானே, பிறகெப்பிடி ஈ உள்ளுக்கு வந்தது?” என்று கேட்டார். ஈ உள்ளே வரவில்லை, உள்ளேயே பிறந்தது என்பதை அவரை நம்பவைக்க, அந்தப் பாத்தியின் மூலையைக் கிளறிக் காட்ட வேண்டியிருந்தது. கோதுமை மணி போல, செம்பழுப்பு நிறத்தில், வெடித்துக் காலியான கூட்டுப்புழு ஓடுகள் மண்ணோடு வந்தன. வலையின் உட்புறத்தில், வீட்டு ஈயைவிடச் சிறிய சாம்பல் நிற ஈ ஒன்று மேலேறிக்கொண்டிருந்தது.

வேரைத் தின்று முடித்த புழு அங்கேயே மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. இலையுதிர்காலத் தலைமுறை அப்படியே குளிர்காலத்தைக் கழித்து, ஏப்ரல், மே மாதங்களில் ஈயாக வெளிவருகிறது. அந்த மண்ணின்மேல் வலையை விரித்தால், வெளியிலிருந்து வரும் ஈயைத் தடுக்கிறோமோ இல்லையோ, உள்ளே வெளிப்படும் ஈக்களைக் கன்றுகளோடு சேர்த்து அடைத்துவைக்கிறோம். வேறெங்கும் போக வழியில்லாததால் அவை அந்தக் கன்றுகளின் அடியிலேயே முட்டையிட்டுத் தீர்க்கின்றன. வலையின் கண் 1.3 மி.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்த மண்ணின்மேல் விரிப்பது என்பதைச் சொல்வார் குறைவு.

முதல் ஈக்கள் வெளியேறும்வரை காத்திருந்து ஜூனில் வலை விரிக்கலாமே என்று சிலர் வாதிடுகிறார்கள். எல்லா ஈக்களும் ஒரே நேரத்தில் வெளிவருவதில்லை. லங்காஷயரின் தென்மேற்குப் பகுதியில் இதே ஈயில் மிகத் தாமதமாக வெளிவரும் வகையே உண்டு. எனவே முந்தைய ஆண்டு கோசுக் குடும்பப் பயிர் எதுவும் நிற்காத பாத்தியைத் தேர்ந்து, கன்று நட்ட அன்றே வலையால் மூடுவதுதான் சரி. தோட்டம் சிறியது, மாற்றுப் பாத்தி இல்லை என்றால், அந்த ஆண்டு அங்கே அவரையோ வெங்காயமோ போடுங்கள்.

முள்ளங்கியைக் கணக்கில் சேர்க்காதது

யாழ்ப்பாண நண்பர் போன ஆண்டு அந்தப் பாத்தியில் கோசு வைக்கவேயில்லை, முள்ளங்கிதான் போட்டிருந்தார். முள்ளங்கி, டர்னிப், நூக்கோல், பாக் சோய், பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் கடுகு எல்லாம் ஒரே குடும்பம்தான்.

கழுத்துப்பட்டையைத் தொளதொளவென்று விடுவது

தண்டைச் சுற்றி மண்ணின்மேல் 12 முதல் 15 செ.மீ. அகலமுள்ள அட்டையையோ, கம்பளத்துக்கு அடியில் விரிக்கும் மெத்தைத் துண்டையோ பரப்பினால், ஈ தண்டையொட்டி மண்ணில் முட்டையிட முடியாது. நடுவிலிருந்து ஒரு வெட்டு விட்டுத் தண்டைச் சுற்றி இறுக்கமாகப் பொருத்த வேண்டும்; இடைவெளி தெரிந்தால் பட்டை வைத்ததில் பயனில்லை. ஈ முட்டைகளைத் தின்னும் தரைவண்டுகள் இதன் அடியில் தங்குவது கூடுதல் நன்மை.

வாசனைச் செடிகளை நம்புவது

சாமந்தியின் மணம் ஈயைக் குழப்பிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கிலாந்தின் வெல்ஸ்போர்னில் ஆய்வு செய்த ஸ்டான் ஃபின்ச்சும் ரோஸ்மேரி காலியரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட விளக்கம் வேறு: ஈ தாழப் பறந்து பச்சை நிறப் பரப்புகளில் இறங்குகிறது, கால்களால் தொட்டு இலையைச் சோதிக்கிறது, திரும்பத் திரும்பக் கோசு இலையிலேயே இறங்க நேர்ந்தால்தான் முட்டையிடுகிறது. ஆகவே சுற்றிலும் குளோவர் (தரையோடு படரும் தீவனச் செடி) போன்ற பச்சை அடர்ந்திருந்தால் அது தவறான இலைகளில் இறங்கி விலகிவிடுகிறது. சாமந்தியின் மணத்துக்கு இதில் வேலையில்லை. ஆனால் குளோவர் கோசோடு தண்ணீருக்கும் உரத்துக்கும் போட்டி போடும் என்பதால், கன்று வேர்பிடித்த பிறகே அதை வளரவிடுவது நல்லது.

சுண்ணாம்பு தூவுவது

வேர் வீங்கும் நோயைக் கட்டுப்படுத்த உதவும். ஈயைத் தடுக்க உதவாது.

துவண்டதும் பிடுங்குவது

இலேசாகத் துவண்ட செடி பிழைக்கலாம். தண்டைச் சுற்றி மண் அணைத்து ஈரம் காத்தால் தண்டிலிருந்து புதுவேர் விடும்.

பிடுங்கியதை வரப்பில் போடுவது

புழு வேரிலிருந்து இறங்கி அந்த மண்ணிலேயே கூட்டுப்புழுவாகிவிடும். செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு வாளியில் அள்ளித் தோட்டத்துக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள்.