திடுக்கிடுபவரிடம் "ஏன் இப்படிப் பயப்படுறே?" என்று கேட்காதீர்கள்

என் தம்பி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். பின்னால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கையிலிருந்த கண்ணாடி டம்ளர் தெறித்துச் சுவரில் மோத, அவன் உடம்பு விறைத்து, வெட்டிய மரம் போலப் பின்பக்கமாகச் சாய்ந்தான். கையை ஊன்றவே இல்லை. அந்த நேரத்தில் அவனால் ஊன்ற முடியாது என்பது எங்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை நாங்கள் கேட்டதெல்லாம், "ஏன்டா இப்படிப் பயப்படுறே?"

அந்தக் கேள்விதான் முதல் தவறு. சத்தம் கேட்டு ஏறக்குறைய 40 மில்லிசெகண்டில் இமை மூடத் தொடங்கிவிடுகிறது. கட்டளை கிளம்புவது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து. என்ன சத்தம் என்று மனசுக்கு எட்டும் முன்பே உடம்பு குலுங்கி முடித்துவிடும். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எல்லோருக்கும்தான் தூக்கிவாரிப் போடும். ஆனால் அதே சத்தம் நாலைந்து முறை வந்தால் பெரும்பாலோருக்குப் பழகிவிடும். என் தம்பியைப் போல ஹைப்பர்எக்ப்ளெக்சியா என்ற பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அப்படிப் பழகுவதில்லை. மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் நரம்புகளுக்கு பிரேக் போடும் வேலையைச் செய்வது கிளைசின் என்ற பொருள். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் பழுது இருந்தால் பிரேக் பிடிக்காது. அதற்குக் காரணமான ஒரு மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே, "பழகட்டும்" என்று பின்னால் வந்து கைதட்டிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. விளையாட்டும் ஆகாது. விறைத்து விழுகிறவருக்கு மண்டை உடையும்.

அடுத்தது, வலிப்பு என்று நாமே முடிவு கட்டுவது. தம்பி வலிப்பு மாத்திரையில் நாலு வருடத்தைக் கழித்தான். விழுந்தபோதெல்லாம் அவனுக்கு முழு நினைவு இருந்தது, நாங்கள் பேசியதைத் திருப்பிச் சொன்னான். மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. திடுக்கிடுவதால் தூண்டப்படும் வலிப்பும் உண்டு என்பதால், பிரித்துச் சொல்ல நரம்பியல் மருத்துவரும், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனையும் தேவை. திடுக்கிடல் தானாக நேரும்போது செல்போனில் எடுத்த வீடியோ பெரிய உதவி. அதற்காக வேண்டுமென்றே திடுக்கிட வைக்காதீர்கள்.

கைக்குழந்தை தொட்டாலே விறைத்து, தூங்கும்போது மட்டும் தளர்ந்தால், "வளர வளரச் சரியாகிவிடும்" என்று காத்திருப்பது ஆபத்து. விறைப்பில் மூச்சே நின்றுவிடலாம். தலையையும் கால்களையும் உடம்பை நோக்கி மடக்கினால் அந்த விறைப்பு விடும். இதை மருத்துவரிடம் முன்கூட்டியே செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்தக் குறைபாட்டுக்குக் குளோனசெபாம் மாத்திரை பலருக்கு நன்றாகவே கேட்கிறது. கொஞ்சம் தூக்கக் கலக்கம் வரும், அதைப் பார்த்து மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் நிஜமாகவே வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கூடவே மது கூடவே கூடாது.

அப்புறம், எல்லோருக்கும் மரபணுதான் காரணம் என்றில்லை. விபத்தையோ வன்முறையையோ கடந்து வந்தவர்களுக்கும், தீராத பதற்றம் உள்ளவர்களுக்கும், தூக்கம் கெட்டவர்களுக்கும் திடுக்கிடல் கூடும். அவர்களுக்கு வேண்டியது மனநல சிகிச்சையும் நல்ல தூக்கமும். அவர்களிடமும் "இன்னுமா அதை நினைச்சுட்டு இருக்கே" என்று சொல்லாதீர்கள். அவர்கள் நினைக்கவில்லை, உடம்புதான் நினைவு வைத்திருக்கிறது.

பாதிக்கப்பட்டவரே செய்யும் தவறும் ஒன்று உண்டு: எந்நேரமும் காதை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவது. ஓயாமல் அடைத்தால் சின்னச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கத் தொடங்கும். சத்தம் நிச்சயம் என்று தெரிந்த இடத்தில் மட்டும் அடைத்துக்கொண்டால் போதும்.

எங்கள் வீட்டில் கதவுக்கு ரப்பர் வைத்தாயிற்று, கண்ணாடி டம்ளர்களை எடுத்தாயிற்று. தம்பி முதுகைக் காட்டி நின்றால் நிலைப்படியிலேயே நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம். அவன் திரும்பி, "ம், வா" என்ற பிறகுதான் உள்ளே போகிறோம்.