எடை குறைந்த பை, எடை குறையாத தோள்: ட்ரெக்கிங் பேக் வாங்கும்போது செய்யும் தவறுகள்

உத்தரகாண்டில் கேதார்கந்தா மலைக்குப் போகிற வழியில், ஜூடா கா தாலாப் ஏரி வருவதற்கு முன்னால், பைன் மரங்களுக்கு நடுவே ஒரு தம்பி நின்றுகொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர். அடிவார ஊரான சாங்க்ரியிலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு கட்டைவிரல்களையும் தோள் வார்களுக்கு அடியில் கொடுத்து, பையைக் கையாலேயே தூக்கிப் பிடித்திருந்தார். மலையில் ஒருவர் அப்படி நின்றால் பை அவருக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

"பை வெறும் 850 கிராம்தான் அண்ணா. எடை கம்மியா இருக்கணும்னு தேடித் தேடி வாங்கினேன். ஆனா தோள் கழண்டு விழுற மாதிரி இருக்கு" என்றார்.

என் பை காலியாகவே 1.8 கிலோ. அன்று காலை லாட்ஜில் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தபோது பொருட்களோடு 12 கிலோவைத் தாண்டியிருந்தது. அவருடையது 11. அரை மணி நேரம் பையை மாற்றிக்கொள்வோம் என்றேன். முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி என் பையில் உண்டு. அதை அவர் அளவுக்கு இறக்கி, இடுப்புப் பட்டையைப் பூட்டிவிட்டேன். நாலு எட்டு வைத்தவர் திரும்பிப் பார்த்து, "இதுல ஒண்ணுமே இல்லையாண்ணா?" என்று கேட்டார்.

தராசு காட்டும் எடை வேறு, தோளுக்குத் தெரியும் எடை வேறு. பை வாங்குவதில் நாம் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகின்றன. சரியாகப் பொருந்திய பையில் சுமையின் பெரும்பகுதி இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும். பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலைதான் தோளுக்கு. அப்படி இறங்க இரண்டு விஷயங்கள் வேண்டும்: பையின் முதுகுப் பக்கத்தில் விறைப்பான சட்டம் (அலுமினியக் கம்பியோ பிளாஸ்டிக் தகடோ), இடுப்பில் பஞ்சு வைத்த அகலமான பட்டை. அந்தத் தம்பியின் பையில் இரண்டுமே இல்லை. எடை குறைந்தது அதனால்தான். 950 கிராம் மிச்சம் பிடிக்கப்போய் 11 கிலோவையும் கழுத்தின்மேல் ஏற்றிக்கொண்டார்.

சட்டமில்லாத பை தப்பான பை என்று சொல்லவில்லை. மொத்தச் சுமை ஏழெட்டு கிலோவுக்குள் நின்றால் அது அருமையான பை. சாப்பாடும் தண்ணீரும் சேர்க்காமல் எல்லாமாகச் சேர்ந்து நாலரை கிலோவுக்குள் அடக்கி நடப்பவர்களுக்காக உருவானது. 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், சுமார் 3,300 கிலோமீட்டரை, தனியாக நடந்து முடித்தார். அவர் கொண்டுபோனது தானே தைத்த ஒரு துணிப்பை. அதை ஒரு தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். உள்ளே ஒரு கம்பளி, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை, இப்படிச் சில சாமான்கள்தான். முதலில் சுமை குறைந்தது, அதற்கேற்ற பை பிறகு வந்தது. நாம் தலைகீழாகச் செய்கிறோம். எடை குறைந்த பையை முதலில் வாங்கி, அதற்குள் பழைய சுமை அத்தனையையும் திணிக்கிறோம்.

ஆகவே பையைக் கடைசியாக வாங்குங்கள். ஸ்லீப்பிங் பேக், ஜாக்கெட், மாற்றுத்துணி, மருந்து, டார்ச் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, அதை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பல நாள் நடைக்கு உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ ஆள் என்றால் 12 கிலோ. ஒருநாள் ஏற்றத்துக்கு அதில் பாதி போதும். தண்ணீரைக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம், லிட்டருக்கு ஒரு கிலோ.

உயரத்தைப் பார்த்து அளவு எடுப்பது

இதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. "நான் ஆறடி, எனக்குப் பெரிய சைஸ்" என்பார்கள். பைக்கு உங்கள் உயரம் தெரியத் தேவையில்லை, முதுகின் நீளம்தான் வேண்டும். என் உயரம் 5 அடி 9 அங்குலம், முதுகு 44 சென்டிமீட்டர். என் மனைவி 5 அடி 3 அங்குலம், அவருக்கு 43. ஆறங்குல உயர வித்தியாசத்தில் முதுகில் வந்தது ஒரே ஒரு சென்டிமீட்டர். மிச்சமெல்லாம் காலில் இருக்கிறது.

அளப்பது சுலபம். துணைக்கு ஒருவரும் தையல்காரர் டேப்பும் வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு வரும். டேப்பின் ஒரு முனை அங்கே. பிறகு இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில், கட்டைவிரல்கள் பின்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே ஒரு கோடு போட்டால் அது முதுகெலும்பை எங்கே வெட்டுகிறதோ அதுவரை அளக்க வேண்டும். டேப் முதுகின் வளைவோடு ஒட்டிப் போகட்டும். விறைத்து நிற்காமல் வழக்கமாக நிற்பதுபோல நில்லுங்கள்.

பைகளில் எஸ், எம், எல் என்று போட்டிருப்பது பல கம்பெனிகளில் இந்த முதுகு நீளத்துக்கான அளவு, சட்டை அளவு இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறவும் செய்யும். ஆன்லைனில் வாங்கும்போது எத்தனை லிட்டர், என்ன நிறம் என்று பார்ப்பதற்கு முன்னால் அந்த அட்டவணையைத் தேடுங்கள். முதுகு அளவே கொடுக்காத விற்பனையாளரிடம் பெரிய பை வாங்குவதை நான் விட்டுவிட்டேன். பெண்களுக்கென்று தனியாகத் தைக்கும் பைகளை வெறும் விளம்பரம் என்று ஒதுக்க வேண்டாம். தோள் வாரின் வளைவும் இடுப்புப் பட்டையின் சாய்வும் உண்மையாகவே வேறு. என் மனைவிக்குப் பொதுவான பை மூன்று மார்பருகே உரசிப் புண்ணாக்கின. நாலாவதாக வாங்கிய பெண்கள் பைதான் நிலைத்தது.

தொப்புளுக்கு மேல் பூட்டும் பெல்ட்

நல்ல பை வாங்கியவர்களும் இங்கே கோட்டை விடுகிறார்கள். இடுப்புப் பட்டையை வயிற்றில் கட்டுகிறார்கள். வயிற்றில் எலும்பு இல்லையே, சுமை எங்கே உட்காரும்? மூச்சு முட்டும், பட்டை நழுவும், கடைசியில் எல்லாம் தோளுக்கே திரும்பும்.

சரியான இடம் எது என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர்க் குடத்தை இடுக்கிக்கொள்ளும் இடம், குழந்தையைத் தூக்கி உட்கார வைக்கும் இடம். பக்கவாட்டில் கையை வைத்தால் திண்ணைபோல ஓர் எலும்பு விளிம்பு தட்டுப்படும். பட்டையின் நடுப்பகுதி அந்த விளிம்பைக் கவிந்து பிடிக்க வேண்டும்.

பூட்டும் வரிசையும் முக்கியம். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். முதலில் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள். அடுத்து தோள் வார்கள், அவை தோளைத் தழுவினால் போதும், அழுத்தக் கூடாது. பிறகு தோளுக்கு மேலே பையின் உச்சியோடு இணையும் சின்ன வார், அதை லேசாக இழுத்தால் பை முதுகோடு ஒட்டும். கடைசியாக நெஞ்சு வார், அதுவும் லேசாக. உயரத்தில் மூச்சு வாங்கும்போது நெஞ்சை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

காலிப் பையை மாட்டிப் பார்த்து வாங்குவது

காலியாக இருக்கும்போது எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். எட்டு, பத்து கிலோ ஏற்றினால்தான் வார் எங்கே அறுக்கிறது, பட்டை எங்கே நழுவுகிறது என்று தெரியும். கடையில் எடைப்பை இருந்தால் கேட்டு வாங்கிப் போடுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம், ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கிறீர்கள். ஆன்லைனில் வாங்கினால், டேக்கைக் கிழிக்காமல் வீட்டிலேயே பாருங்கள்: 5 கிலோ அரிசிப் பை ஒன்று, மூன்று லிட்டர் தண்ணீர் பாட்டில்கள், அவை ஆடாமலிருக்க ஒரு போர்வை. அதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். குனிந்து ஷூ லேஸைக் கட்டிப் பாருங்கள். தலையை நிமிர்த்தினால் பின்மண்டை பையில் இடிக்கிறதா? பையைக் கழற்றாமல் பக்கப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, குடித்து, திரும்ப வைக்க முடிகிறதா? முடியாவிட்டால் மலையில் தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

லிட்டர் கணக்கில் அதிகம் குழம்ப வேண்டாம். வெள்ளியங்கிரி, பர்வதமலைபோல ஓர் இரவில் ஏறி இறங்குவதற்கு 20 முதல் 25 லிட்டர் தாராளம். இரண்டு மூன்று நாளுக்கு 35 முதல் 45. டென்ட்டும் சாப்பாடும் குழுவே பார்த்துக்கொள்ளும் இமயமலைப் பயணங்களுக்கு 45 முதல் 50. டென்ட், அடுப்பு எல்லாம் நாமே சுமந்தால்தான் அதற்கு மேல். "இருக்கட்டும், எதுக்கும் உதவும்" என்று 70 லிட்டர் வாங்கினால் அத்தனை இடத்தையும் நாம் நிரப்பிவிடுவோம், வீட்டுப் பரணை நிரப்புவதுபோல.

வலை முதுகும் மெல்லிய துணியும்

நம் ஊர் வெயிலுக்கு, முதுகில் படாமல் வலை இழுத்துக் கட்டிய பைகள் ஆசையாகத்தான் இருக்கும். காற்றோட்டம் உண்மை. ஆனால் அந்த இடைவெளிக்காகப் பை முதுகைவிட்டுச் சில சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு. ஆறேழு கிலோவுக்கு அது பொருட்டில்லை. 12 கிலோவோடு செங்குத்தாக ஏறும்போது பை பின்னால் இழுக்கும். எந்தப் பையானாலும் கனமான சாமான் முதுகை ஒட்டி நடு உயரத்தில் இருக்கட்டும், ஸ்லீப்பிங் பேக் அடியில், துணிமணி வெளிப்பக்கம்.

துணியின் கனத்தை டெனியர் என்ற கணக்கில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 30, 40 டெனியர் நைலான் எடையில் காற்றுபோல இருக்கும், அகலமான பாதையில் நன்றாகவே உழைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்ணிச்செடிப் புதருக்குள் ஒற்றையடிப் பாதையில் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது. 100 முதல் 210 டெனியர், அடிப்பாகம் மட்டும் இன்னும் தடிமனாக, என்பது நடுவான தேர்வு. டைனீமா என்ற செயற்கை இழை கலந்த துணிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது மெல்லியதாக இருந்தும் உறுதியானது, விலையும் அதற்கேற்ப இருக்கும்.

மழை உறையை நம்பி இருக்கவும் கூடாது. உறை முதுகுப் பக்கத்தை மூடாது. கழுத்து வழியே இறங்கும் தண்ணீர் முதுகுத் திண்டு வழியாக உள்ளே போய், அடியில் இருக்கும் ஸ்லீப்பிங் பேக்கை நனைத்துவிடும். பலத்த காற்று உறையையே பிடுங்கிக்கொண்டு போகும். பைக்கு உள்ளே தண்ணீர் புகாத ஒரு பெரிய ட்ரை பேக்கை வைத்து, சாமான் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வாயைச் சுருட்டிவிட்டால் கவலையில்லை. தடித்த பிளாஸ்டிக் கவரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைத் தடுக்கும் இடங்கள் இருக்கின்றன.

மலையிலிருந்து வந்ததும் பையைக் காய வைக்காமல் பரணில் போடுவதும் பையைக் கொல்லும். உள்பக்கத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் சிதையும். சென்னைபோன்ற கடலோர ஊர்களில் சில வருடங்களிலேயே பிசுபிசுத்து, நாற்றமடித்து, உரிந்து வரும். நிழலில் நன்றாகக் காய வைத்து, காற்றுப்படும் இடத்தில் மாட்டி வையுங்கள்.

பையை ஒற்றைத் தோள் வாரைப் பிடித்துத் தூக்கி வீசி மாட்டுகிறவர்கள் ஏராளம். தையல் முதலில் விட்டுப்போவது அந்த வாரில்தான், மெல்லிய பைகளில் இன்னும் சீக்கிரம். உச்சியில் இருக்கும் கைப்பிடி வளையத்தைப் பிடித்து, தொடைமேல் ஏற்றி வைத்து, ஒரு கையை நுழைத்து, பிறகு முதுகுக்குத் திருப்புங்கள். தலைச்சுமையோடு நடந்தவர்களுக்காக நம் ஊர்ப் பாதையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள், வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக. சுமையைத் தரையில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும் என்று தெரிந்தவர்கள் நட்ட கல் அது. மலைப்பாதையில் இடுப்புயரப் பாறை கண்ணில் பட்டால் அங்கே இளைப்பாறுங்கள். பையைப் பாறைமேல் உட்கார வைத்துப் பட்டையைக் கழற்றினால் போதும், கிளம்பும்போது குனியாமல் தோளைக் கொடுத்து எழுந்துவிடலாம்.