பேக்கப் கோப்புறையில் கிடக்கும் குட்டிக் கோப்புகள்

விண்டோஸ் இருக்கும் டிரைவை அப்படியே நகலாக்கும் ‘சிஸ்டம் இமேஜ்’ வசதியால் நகலெடுத்தால், வெளி ஹார்டு டிஸ்க்கில் ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ என்ற கோப்புறை உருவாகும். உள்ளே பல ஜிபி கனக்கும் விஎச்டிஎக்ஸ் (ஒரு டிஸ்க்கையே கோப்பாக்கி வைத்திருக்கும் வகை) கோப்புகளில்தான் உங்கள் தரவு இருக்கிறது. பக்கத்திலேயே எக்ஸ்எம்எல் கோப்புகள் வரிசையாகக் கிடக்கும். ‘மீடியாஐடி’ என்று ஒரு பொடிக் கோப்பும் இருக்கும். குப்பை என்று தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். மீட்கும்போது விண்டோஸ் தேடிப் படிக்கும் விவரங்கள் அவை. அழிப்பதால் மிச்சமாகும் இடமும் அற்பம்தான்.

கோப்புறையின் பெயரையும் மாற்றக் கூடாது. மாற்றினால், நகல் கண்ணெதிரே இருந்தும் மீட்புத் திரை கையை விரித்துவிடும். அந்த நேரத்துப் பதற்றம் யாருக்கும் வேண்டாம்.

ஒரேயொரு புகைப்படம் மட்டும் தேவையா? டிஸ்க்குகளை நிர்வகிக்கும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்டில் ‘அட்டாச் விஎச்டி’ கொடுத்து, அந்த விஎச்டிஎக்ஸ் கோப்பைத் தேர்ந்தெடுத்து, ‘ரீட்-ஒன்லி’ கட்டத்தில் மறக்காமல் டிக் செய்து திறந்து எடுத்துக்கொள்ளுங்கள்.