பிட் ஹோல்டருக்குக் காப்புரிமை: ஆய்வில் சிக்கவைக்கும் தவறுகள்

பவர் டூலில் பிட்டை (திருகவோ துளையிடவோ செருகும் முனையை) ஒரே கையால் சட்டென்று மாற்ற ஒரு ஹோல்டர் செய்திருக்கிறீர்கள். பட்டறையில் எல்லோரும் பாராட்டுகிறார்கள். காப்புரிமைக்கு விண்ணப்பித்தால், சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்திலிருந்து வரும் முதல் ஆய்வறிக்கை வேறு விதமாகப் பேசுகிறது: புதுமை இல்லை, துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதுதான் இது என்று. கருவி நன்றாக இருந்தும் எழுதிய விதத்தால் விண்ணப்பம் விழுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கொஞ்சம் முன்யோசனை இருந்தால் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

விண்ணப்பிக்கும் முன்பே வீடியோ எடுத்து யூடியூபில் போடுவது முதல் தவறு. உங்கள் வீடியோவையே ஆய்வாளர் உங்களுக்கு எதிரான ஆதாரமாக வைக்கலாம். கண்காட்சியில் காட்டினால் 12 மாதம் சலுகை உண்டு என்று பலர் நம்புகிறார்கள். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்குத்தான் அந்தச் சலுகை. ஊரில் நடக்கும் எல்லா இயந்திரக் கண்காட்சிக்கும் கிடையாது. அவசரமென்றால் தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணத்தின் முதல் வடிவத்தை) தாக்கல் செய்துவிட்டுக் காட்டுங்கள். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க அதிலிருந்து 12 மாதம் இருக்கிறது.

அடுத்தது தேடல். கடையில் இல்லை, ஆன்லைனிலும் இல்லை, அதனால் புதிது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காலாவதியான காப்புரிமையும், விற்பனைக்கே வராத கருவியின் காப்புரிமையும் ஆய்வில் கணக்கில் வரும். கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பேஸ்நெட் என்ற காப்புரிமைத் தேடல் தளங்கள் இரண்டும் இலவசம். சொல்லை மட்டும் போட்டுத் தேடாமல் பி25பி 23/00 (B25B 23/00), பி23பி 31/107 (B23B 31/107) என்று காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்களைப் போட்டுத் தேடுங்கள். ஜப்பானிய, ஜெர்மன் ஆவணமாக இருந்தாலும் படத்தைப் பார்த்தே பாதி புரிந்துவிடும்.

சரி, இனி முக்கியமான விஷயம்: கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று வரையறுக்கும் வாசகம்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பிட்டின் தண்டு கால் அங்குல அறுகோணம், எதிரெதிர் முகங்களுக்கு இடையே 6.35 மி.மீ. அதன் கழுத்தில் ஒரு பள்ளம். ஹோல்டர் உடலின் பக்கவாட்டில் ஒரு துளை, அதற்குள் ஓர் எஃகுக் குண்டு. வெளியே உறை போல ஒரு ஸ்லீவ், அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும் ஸ்பிரிங். ஸ்லீவின் உட்சுவர் குண்டை உள்ளே அழுத்தினால் அது பள்ளத்தில் உட்கார்ந்து பிட்டைப் பூட்டும். ஸ்லீவை நகர்த்தினால் உட்சுவரின் அகன்ற பகுதி குண்டுக்கு நேரே வரும்; குண்டு ஒதுங்கும், பிட் கையோடு வரும். இதுவரை சொன்னது எல்லாமே பழையது.

ஸ்லீவைத் தொடாமலே பிட்டைச் செருகலாம் என்பது உங்கள் ஹோல்டரின் சிறப்பு என்று வைத்துக்கொள்வோம். அதை "ஒரே கையால் எளிதாகப் பிட் மாற்ற உதவும் ஹோல்டர்" என்று எழுதினால், பழைய ஹோல்டர்களில் பாதி இந்த வரிக்குள் அடங்கிவிடும். பயன் எப்படிக் கிடைக்கிறது என்பதைத்தான் எழுத வேண்டும். துளை நீளவாக்கில் நீண்டிருக்கிறது. செருகும் பிட் குண்டைப் பின்னே தள்ளுகிறது. அந்த இடத்தில் உட்சுவர் அகன்றிருப்பதால் குண்டு வெளியே ஒதுங்குகிறது. பள்ளம் நேரே வந்ததும் தனியாக வைத்த சிறு ஸ்பிரிங் குண்டைத் திரும்ப முன்னே தள்ளிப் பூட்டுகிறது. எந்த உறுப்பு, எதனோடு சேர்ந்து, எந்த வரிசையில் நகர்கிறது என்பது இப்போது தெரிகிறது. (இந்த அமைப்பும் ஏற்கெனவே வந்துவிட்டது. எழுதும் முறைக்கு உதாரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

வேகம், வசதி, பாதுகாப்பு என்று சொன்னாலே போதும் என்பவர்களுக்கு 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கைப் படிக்கச் சொல்வேன். பாத்திரம் கடையும் லேத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் அமைப்பைப் பற்றியது அது. நம் விஷயத்துக்கு மிக நெருக்கம். இந்த நன்மைகளெல்லாம் அங்கேயும் சொல்லப்பட்டன. தெரிந்த உறுப்புகளைச் சேர்த்த பட்டறை மேம்பாடு மட்டும் கண்டுபிடிப்பாகாது என்று காப்புரிமை செல்லாமல் போனது.

இதனால்தான் காந்தம், எல்இடி விளக்கு, ஸ்லீவ் மூன்றையும் ஒரே ஹோல்டரில் வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தன் பழைய வேலையைச் செய்தால், காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு குறுக்கே நிற்கும். அதுவே ஸ்லீவை இழுக்கும்போது காந்தமும் கூடவே பின்வாங்கி, பிட் தானாக விழுகிறது என்றால் கதை வேறு. ஒன்று மற்றதை இயக்குகிறது. அந்தத் தொடர்பை எழுதாமல் விடுகிறவர்கள் ஏராளம்.

விவரக்குறிப்பைச் சுருக்கமாக முடிப்பது பின்னால் கடிக்கும். ஆட்சேபம் வந்தபின் "உட்சுவரின் சாய்வுக் கோணம்தான் எங்கள் விசேஷம்" என்று சேர்க்க நினைத்தால், அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு விடாது. முதலில் எழுதாத எதையும் பிறகு நுழைக்க முடியாது. அதனால் கோணத்தின் வரம்பு, அது ஏன் தேவை, குண்டுக்குப் பதில் சிறு கம்பி போன்ற பின் (pin) வைத்தால் என்ன, ஸ்லீவை இழுப்பதற்குப் பதில் தள்ளினால் என்ன என்பதையெல்லாம் முதல் நாளே படத்தோடு எழுதிவிடுங்கள். சார்பு கிளெய்ம்களையும் (முந்தைய கிளெய்மோடு கூடுதல் விவரம் சேர்ப்பவை) படிப்படியாக வையுங்கள். மேலே உள்ளது விழுந்தால் பிடித்துக்கொள்ள கீழே ஒன்று வேண்டும். பத்து கிளெய்ம் வரை கூடுதல் கட்டணம் இல்லை.

தாக்கல் செய்ததும் ஆய்வு தானாகத் தொடங்காது என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. படிவம் 18 கொடுத்துக் கேட்க வேண்டும். 2024 மார்ச் 15 முதல் தாக்கலான விண்ணப்பங்களுக்கு, முன்னுரிமைத் தேதியிலிருந்து (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் தாக்கல் செய்த நாளிலிருந்து) 31 மாதம் கெடு. தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகவே கருதப்படும். ஆய்வறிக்கைக்குப் பதில் கொடுக்க 6 மாதம். அது முடியும் முன் கேட்டால் இன்னும் 3 மாதம். அதையும் விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

பதிலில் விலை மலிவு, நல்ல விற்பனை என்று பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். ஆய்வாளர் காட்டிய ஒவ்வொரு ஆவணத்தையும் எடுத்து, அதில் இல்லாத உறுப்பு எது, அதனால் நடக்கும் வேலை என்ன, அந்த ஆவணத்தைப் படித்தவருக்கு அது ஏன் தோன்றாது என்று சொல்லுங்கள். நேர்முக விசாரணை வந்தால், குறுக்கே வெட்டிய ஒரு மாதிரியை எடுத்துவைத்து, குண்டு நகர்வதைக் காட்டுங்கள். அப்புறம் 15 நாளுக்குள் அதே வாதத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.