விரல் உயரப் பொம்மைக்கு சிலிகான் அச்சு

பொம்மை செய்த களிமண்ணில் கந்தகம் இருந்தால் பிளாட்டினம் வகை சிலிகான் (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது) இறுகாது. பொம்மையில் ஒட்டிப் பிசுபிசுக்கும். அத்தகைய மண்ணுக்கு நான் டின் வகையைத்தான் (வெள்ளீய வினையூக்கியால் இறுகுவது) எடுப்பேன்.

பொம்மையின் பாதத்தை, சிலிகான் ஊற்றப்போகும் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். சுற்றிலும் 1 செ.மீ. இடைவெளி போதும். சிலிகானை இறுகவைக்கும் வினையூக்கியைத் தராசில் நிறுத்தே சேருங்கள். கண்ணளவெல்லாம் சமையலோடு நிற்கட்டும்.

முதலில் முகவாய்க்குக் கீழே, அக்குளில், மூக்கோரத்தில் சிலிகானைத் தூரிகையால் தடவுங்கள். காற்றுக்குமிழி ஒளிந்துகொள்வது அங்கேதான். பிறகு ஒரே மூலையில், உயரத்திலிருந்து, நூல்போல ஊற்றுங்கள். பொம்மையின் தலைமேல் ஊற்றவே கூடாது; சிலிகான் தானாக மட்டம் ஏறி மூடட்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

மறுநாள் பெட்டியைக் கழற்றி, இறுகிய சிலிகானை முதுகுப்பக்கம் வளைத்து வளைத்துக் கீறிப் பொம்மையை எடுங்கள். நேர்கோடாகக் கீறினால் விளிம்புகள் வழுக்கி, வார்ப்பில் தழும்பு விழும். பாதம் இருந்த துளையே, வார்ப்புக்கான ரெசின் (ஊற்றியபின் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) ஊற்றும் வாய்.