ஸ்பெயினில் மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு தேடாதீர்கள்

மாட்ரிட்டுக்கு வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பல ஆண்டுகளாக ஊரைச் சுற்றிக் காட்டிவருகிறேன். பணப்பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வந்த புதிதில் நானே செய்து, இன்றும் என் கண்முன்னே பிறர் செய்துகொண்டிருக்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

உணவு நேரம்

இங்கே மதிய உணவு இரண்டு மணிக்குத் தொடங்கி நான்கு மணி வரை நீளும். இரவு உணவு ஒன்பது மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் பெரும்பாலான நல்ல உணவகங்களில் அடுப்பு அணைந்திருக்கும். கதவு திறந்திருந்தாலும் காபியும் பீரும்தான் கிடைக்கும். முதல் வாரத்தில் பிராதோ அருங்காட்சியகத்தில் பசியை மறந்து சுற்றிவிட்டு, ஐந்தரை மணிக்கு வெளியே வந்த நான், கடைசியில் ஒரு சதுக்கத்தில், வாசல் பலகையில் பயேயா என்ற சோற்று உணவின் வண்ணப்படம் ஒட்டியிருந்த கடையில் உட்கார்ந்தேன். ஓரத்தில் நாக்கைச் சுட்டு நடுவில் சில்லென்றிருந்த மஞ்சள் சோற்றுக்கு 28 யூரோ கொடுத்தேன். வார நாளில் இரண்டு மணிக்கு ஏதாவதொரு சந்துக்குள் நுழைந்து 'மெனு தெல் தியா' என்ற அன்றைய மதியச் சாப்பாட்டைக் கேட்டிருந்தால், இரண்டு வகை உணவு, ரொட்டி, பானம், இனிப்பு அல்லது காபி எல்லாம் சேர்த்து அதில் பாதி விலைதான் ஆகியிருக்கும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கிரீன்விச் தீர்க்கரேகை ஸ்பெயின் வழியாகவே சென்றாலும், 1940இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்த கடிகாரம் பிறகு பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. கோடையில் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவதே இரண்டு மணியைக் கடந்துதான். ஆகவே, வெயிலை வைத்துப் பார்த்தால் இவர்கள் நண்பகலில்தான் உண்கிறார்கள்.

சென்ற ஆண்டு வந்த சித்தப்பாவிடம் இதை மூன்று முறை விளக்கினேன். "ஏழு மணிக்கே சாப்பிட்டுப் பழகிட்டோம்ப்பா" என்று சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்த அதே பலகையின் கீழ் போய் உட்கார்ந்தார். பசி தாங்காதவர்கள் ஆறு மணிக்கு ஏதாவதொரு பாரில், முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்த தோர்த்தியாவில் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டு ஒன்பது வரை சமாளிக்கலாம்.

பில்லுக்குக் காத்திருப்பது

கேட்காமல் வராது. உண்டபின் மேசையிலேயே அமர்ந்து பேசுவதற்கு 'சோப்ரெமேசா' என்று தனிப்பெயரே உண்டு. பில்லைத் தானாகக் கொண்டுவந்து வைப்பது எழுந்து போகச் சொல்வதற்குச் சமம்.

'இறைச்சி வேண்டாம்' என்பதோடு நிறுத்துவது

பன்றித்தொடையும் சூரை மீனும் அப்படியே தட்டில் வரும். ஹமோன் (பன்றித்தொடை) வேண்டாம், அதூன் (சூரை மீன்) வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள்.

கத்தலானைப் பேச்சுவழக்கு என்பது

பார்சலோனா பக்கம் பேசப்படும் கத்தலான், ஸ்பானிய மொழியின் பேச்சுவழக்கு அல்ல, தனி மொழி. தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வரிசையைக் கண்ணால் தேடுவது

சந்தைக் கடைகளில் பலர் ஆங்காங்கே நிற்பார்கள். வரிசை அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கும். வந்தவுடன் "கியென் எஸ் எல் உல்திமோ?", அதாவது கடைசி ஆள் யார், என்று கேட்க வேண்டும், கை உயர்த்துகிறவருக்கு அடுத்தது நீங்கள். இது தெரியாத நான் மீன்கடையில் ஒரு பாட்டியின் பின்னால் கால் மணி நேரம் பணிவுடன் நின்றேன். அவர் மீன் வாங்க வந்தவரே அல்ல. பக்கத்துக் கடைக்காரியோடு பேசிக்கொண்டிருந்தார்.