புதுச்சேரி வீழ்ந்த கதையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1761ல் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரிக் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனதைப் பற்றிப் புதிதாக எழுதுகிறவர்கள் என்னிடம் கட்டுரைகளைத் திருத்தத் தருகிறார்கள். என் முதல் கட்டுரையில் நான் செய்த அதே பிழைகள் அவற்றிலும் இருக்கின்றன. பெயர்ப்பிழைகளை விட்டுவிடுகிறேன்.

அரிசியை மறப்பது

பீரங்கி முழங்கியது, சுவர் இடிந்தது, படை நுழைந்தது. இப்படி முடிக்கிற கட்டுரையைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நானும் அப்படித்தான் எழுதினேன். படித்துப் பார்த்த பெரியவர் ஒருவர், "நாலு மாசமா உள்ளே இருந்தவங்க என்னப்பா சாப்பிட்டாங்க?" என்றார். பதில் தெரியவில்லை. முழுக் கட்டுரையையும் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

பீரங்கிகள் சுட்டது உண்மை. ஆனால் ஊரை வீழ்த்தியது பசி. 1759ல் மொரீஷியஸ் பக்கம் போன பிரெஞ்சுக் கப்பற்படை திரும்பவில்லை. 1760 ஜனவரி 22ல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரரை வென்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட், நேரே புதுச்சேரிக் கோட்டையில் போய் மோதவில்லை. ஆலம்பரை, காரைக்கால், சிதம்பரம் என்று சுற்றுவட்ட ஊர்களைப் பிடித்து நெல் வரும் வழிகளை அடைத்தார். செப்டம்பரில் முற்றுகை இறுகியது. கடலில் ஆங்கிலக் கப்பல்கள் நின்றன. தானியம் குறையவே, சண்டைக்கு உதவாத உள்ளூர் மக்களைப் பிரெஞ்சுத் தளபதி லாலி வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் வழிவிடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே அவர்கள் நாள்கணக்கில் தவித்தார்கள். இவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத கட்டுரையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அப்புறம் 1761 புத்தாண்டையொட்டி அடித்த புயல். ஆங்கிலக் கப்பல்கள் சில உடைந்து ஆயிரம் பேருக்கு மேல் மூழ்கினார்கள். கடல்வழி திறந்தது. படகில் அரிசி அனுப்பச் சொல்லிப் பழவேற்காட்டுக்கு லாலி கடிதம் எழுதினார். அரிசி வரவில்லை, சில நாட்களில் ஆங்கிலக் கப்பல்கள்தான் திரும்ப வந்தன. ஜனவரி 16 அன்று அயர் கூட்டின் படை உள்ளே நுழைந்தது.

முற்றுகைகளைக் கலப்பது

1748ல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் முற்றுகையிட்டுத் தோற்றார். 1778லும் 1793லும் ஆங்கிலேயர் மறுபடி பிடித்தார்கள். எந்த முற்றுகை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்றைய தெருக்களைப் படமாகப் போடுவது

வேண்டாம். அன்றைய ஊரை ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். 1765ல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து புதிதாகக் கட்டினார்கள்.

எல்லாப் பழியையும் லாலிமேல் போடுவது

1766ல் பாரிஸில் பிரெஞ்சுக்காரரே அவர் தலையை வெட்டினார்கள். வராத கப்பல்களுக்கும் அவரையே பொறுப்பாக்கி எழுதாதீர்கள்.